எச்சமும் வெற்றிப் பொருளும்: ஆஸ்திரேலியப் போர் நினைவகம் ஆதரவு பெற்ற வரலாறு

கி.பி. 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியதும், எண்ணெய்க் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்ததும் பலரும் அறிந்த செய்திகளே. அக்கப்பலின் பெயர் தமிழ்ப் பேச்சு வழக்கில் புகுந்து, அஞ்சத்தக்கவனையும் சூழ்ச்சித் திறன் மிக்கவனையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாயிற்று. அன்று வீழ்ந்த குண்டின் சிதறல் ஒன்று சென்னை அரசு அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே அக்கப்பலைச் சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வீழ்த்திற்று. எம்டனின் பீரங்கி ஒன்றும் மணியும் இன்று கான்பெரா நகரிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் உடைமைகளாக இருக்கின்றன. நமக்கு ஒரு சொல்லும் ஓர் இரும்புத் துண்டும் எஞ்சின. அவர்களோ ஒரு பெருங்காட்சியகத்தையே எழுப்பிக்கொண்டனர். அந்நாளில் ஏறத்தாழ 50 இலட்சம் மக்களையே கொண்டிருந்த ஒரு நாடு, போர் முடியுமுன்னரே அதற்கான ஆதரவை எவ்வாறு திரட்டிற்று என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இம்முயற்சிக்கு மூலவர் சார்லசு பீன் என்பார். அவர் செய்தியாளர், படையோடு சென்று போர்ச் செய்தி எழுதுமாறு அரசால் அமர்த்தப்பெற்றவர். கலிப்போலிப் போர்க்களத்தில் வீரரிடமிருந்தே எழுத்தும் படமும் வேண்டிப் பெற்று, 'ஆன்சாக் நூல்' என்னும் தொகுப்பை 1916 இல் வெளியிட்டார். கொடுப்பவன் வீரன், தொகுப்பவன் தான் என்னும் இம்முறையே பின்னர்க் காட்சியகத்திற்கும் வித்தாயிற்று எனக் கருதுகின்றோம். 1916 இல் பிரான்சு நாட்டுப் பொசியேர் என்னும் சிற்றூரில் ஏழு வாரத்திற்குட்பட்ட காலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் புண்பட்டும் போயினர். அவ்வழிவைக் கண்ணெதிரே கண்டபோதுதான் வீரர்க்குரிய நினைவிடம் ஒன்று தாய்நாட்டில் அமைய வேண்டும் என்னும் எண்ணம் பீனுக்கு உருவாயிற்று என்று அவருடைய உதவியாளர் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார்.

எண்ணம் எளிது, பொருள் சேர்த்தல் அரிது. கனடா நாட்டினர் தம் போர்ப் பதிவுகளைத் தாமே தொகுக்கத் தொடங்கியிருந்தமை பீனுக்கு முன்மாதிரியாயிற்று. 1917 மே மாதத்தில் ஆஸ்திரேலியப் போர்ப் பதிவுப் பிரிவு இலண்டனில் நிறுவப்பெற்றது. அதன் பொறுப்பை ஏற்ற சான் திரெலோர் என்பார்க்கு அப்போது வயது 22. போர்முனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருப்பவனிடம் சென்று, 'நாட்குறிப்பைச் செவ்வனே எழுது. கண்டெடுத்த பொருளைப் பிற்காலத்தார்க்கென ஒப்படை' என்று கேட்பது சிறிது நகைப்பிற்கிடமானதே. எனினும் அவ்விளைஞர் கேட்டார். படைப்பிரிவினர்க்குப் பணியின் பயனை விளக்கினார். பொருள்களோடு கட்டுதற்குச் சீட்டுகள் வழங்கப்பெற்றன. பொருள் யாது, எவ்விடத்துக் கிடைத்தது, எப்படைப்பிரிவு கைப்பற்றிற்று என்பன அச்சீட்டில் எழுதப்பெறும். தம் படைப்பிரிவின் பெயர் தாயகத்தில் நிலைக்கும் என்றறிந்த வீரர் மனமுவந்து கொணர்ந்தனர். போர் ஓய்ந்தபோது 25,000க்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்திருந்தன. ஏடுகளும் ஒளிப்படங்களும் இவற்றின் வேறாவன.

இனிச் சொல்லாராய்ச்சிக்குரிய செய்தி ஒன்றுண்டு. காட்சிக்கு வைக்கும் பொருள்களை 'வெற்றிப் பொருள்' என்று வழங்காது 'எச்சம்' எனப் பொருள்படும் சொல்லாலேயே வழங்க வேண்டும் என்று பீன் விரும்பினார். போரைப் புகழ்தலும், தோற்றவனை இகழ்தலும், தம் வெற்றியைச் செருக்கோடு பறைசாற்றலும் கூடா என்பது அவர் வகுத்த நெறி. வெற்றிப் பொருள் என்றால் அது வென்றோன் உடைமை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எச்சமோ அவ்வாறன்று. இலக்கணத்தில் எச்சம் தன்னை முடிக்கும் சொல்லை வேண்டி நிற்பது என நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். துளைபட்ட தலைக்கவசம் ஒன்றும் அதனை அணிந்தவன் யார், அவன் என்னாயினான் என்பதை வேண்டியே நிற்கின்றது. அச்சீட்டு அதனை முடிக்கும் சொல் போலும். ஆங்கிலச் சொல்லில் இப்பொருள் இல்லை என்பதை அறிவோம். ஆயினும் தமிழ்ச் சொல் பீனின் கருத்தை அவர் கொண்ட சொல்லினும் நன்கு தாங்குகின்றது.

இலண்டனிலும் இதே காலத்தில் இத்தகைய முயற்சி நடைபெற்றது. 1917 மார்ச்சு 5 ஆம் நாள் போர் அமைச்சரவை ஒப்புதல் தர, 'தேசியப் போர்க் காட்சியகம்' எனத் தொடங்கிய நிறுவனம், இந்தியாவையும் குடியேற்ற நாடுகளையும் சார்ந்த குழுவின் வேண்டுகோளால் 'பேரரசுப் போர்க் காட்சியகம்' எனப் பெயர் மாறிற்று. நம்மவர் பங்கும் அப்பெயர் மாற்றத்தில் உண்டு என்பது குறிக்கத்தக்கது. மாண்டோரின் ஒளிப்படங்களை அவர்தம் குடும்பத்தாரிடம் வேண்டும் அறிவிப்பு உணவுப் பங்கீட்டுப் புத்தகங்களின் வழியாகவும் வீடுதோறும் சென்றது. அரசாணையினும் இது வலிது.

ஆஸ்திரேலியாவில் ஆதரவு உடனே கட்டடமாகிவிடவில்லை. 1922 இல் மெல்போர்ன் நகரிலும், 1925 முதல் சிட்னியிலும் பொருள்கள் இரவல் இடங்களில் காட்டப்பெற்றன. நினைவகத்திற்கெனச் சட்டம் இயன்றதும் 1925 இலேயே. கட்டட வரைபடப் போட்டியில் செலவு 250,000 பவுனுக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டப்பெற்றது. இடைக்காலத்தில் மக்கள் உள்ளத்தை ஈர்த்துநின்றது ஓர் ஓவியமே. உடல் கிடைக்காத வீரர் பெயர் பொறித்த மெனின் வாயிலை, நள்ளிரவில் ஆவிகள் சூழ வில் லாங்சுடாஃப் 1927 இல் தீட்டினார். அது 1928, 1929 ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலிய நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பெற்றபோது பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கண்டனர். மகனின் கல்லறையைக் கடல் கடந்து சென்று காண இயலாத தாய்மார்க்கு அதுவே கல்லறையாயிற்று எனின் மிகையன்று. பின்னர் வந்த பொருளாதார வீழ்ச்சி கட்டட வேலையைத் தாழ்த்திற்று. மற்றுமோர் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941 நவம்பர் 11 ஆம் நாளில்தான் கான்பெரா நினைவகம் திறக்கப்பெற்றது. அதன் மாண்டோர் பட்டியலில் பெயர் உண்டு, பதவி இல்லை.

எனினும் அந்நிலத்தின் தொல்குடிகள் குடியேறியோரை எதிர்த்துப் பொருது மாண்ட போர்களுக்கு அங்கே நெடுங்காலம் உரிய இடம் தரப்படவில்லை. அவர்கள் பொருள்களில் யாரும் சீட்டுக் கட்டவில்லை. 2018 இல் 49 கோடியே 80 இலட்சம் டாலர் செலவில் நினைவகத்தை விரிவாக்கும் திட்டம் அறிவிக்கப்பெற்றபோது, வரலாற்றாசிரியர் பலர் அதனைக் கடிந்து எழுதினர். முன்னாள் இயக்குநரும் எதிர்த்தனர். போர்க்கருவி செய்யும் நிறுவனங்களிடம் நன்கொடை பெறுவதும் கண்டனத்திற்குள்ளாயிற்று. பீனின் நெறியை நோக்க அக்கண்டனம் முறையானதே என்பது நம் கருத்து. தொல்குடிகளின் எதிர்ப்புப் போர்களை முன்னினும் விரிவாகக் காட்டுவதென நினைவகத்தார் 2022 இல் அறிவித்தனர்.