மயக்க மருந்து இல்லாத காலத்தில் ஒரு சினைப்பை அறுவை சிகிச்சை

சினைப்பையில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம். இன்று ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்லப்பட்டால் அடுத்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பிறகு அறுவை சிகிச்சைக்கு ஒரு தேதி. அந்தத் தேதி வரைக்கும் தூக்கம் வராது என்பது வேறு விஷயம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஸ்கேனும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அதைவிட முக்கியமாக, இப்படி ஒரு அறுவை சிகிச்சை செய்து பிழைத்தவர் என்று காட்ட உலகில் ஒருவர்கூட இல்லை!

அவர் பெயர் ஜேன் டாட் கிராஃபோர்ட். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிரீன்ஸ்பர்க் என்ற ஊருக்கு அருகே வாழ்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. 1809-ஆம் ஆண்டு அவருடைய வயிறு பெரிதாகிக் கொண்டே போனது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர் என்பதால் இதுவும் கர்ப்பம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். உள்ளூர் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். மாதம் கடந்தும் குழந்தை பிறக்கவில்லை, வலி மட்டும் பிரசவ வலி போலவே வந்தது. வேறு வழியில்லாமல் சுமார் 60 மைல் தள்ளி டான்வில் என்ற சிற்றூரில் இருந்த மருத்துவருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அந்த மருத்துவர் எஃப்ரைம் மெக்டவல் (1771-1830). ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்தவர். ஆனால் பட்டம் வாங்காமலேயே ஊர் திரும்பிவிட்டார். அங்கே ஜான் பெல் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் வகுப்புகளைக் கேட்டிருந்தார். டிசம்பர் மாதக் குளிரில் குதிரையில் வந்து பரிசோதித்தவருக்குக் கர்ப்பப்பை காலியாக இருப்பது தெரிந்தது. பெரிய கட்டி ஒன்று, ஒரு பக்கமாக நகரக்கூடியதாக, சினைப்பையிலிருந்து வளர்ந்திருந்தது.

இந்த இடத்தில் மெக்டவல் செய்த காரியம்தான் அவருடைய கத்தியைவிடப் பெரியது. அவர் எதையும் மறைக்கவில்லை. வயிற்றைத் திறந்தால் உள்ளே அழற்சி ஏற்பட்டு மரணம் நிச்சயம் என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் பெரிய மருத்துவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னார். இது ஒரு சோதனை முயற்சி மட்டுமே என்றார். இறக்கவும் தயார் என்றால் டான்வில்லுக்கு வாருங்கள், கட்டியை எடுக்கிறேன் என்றார். இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். சும்மா இருந்தால் கட்டி மெதுவாகக் கொல்லும். திறந்தால் மருத்துவம் அறிந்தவரை உடனே மரணம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, வருகிறேன் என்றார் ஜேன்.

60 மைல் என்பது ஏறக்குறைய 96 கிலோமீட்டர். பனிக்காலம், மலைப்பாங்கான வழி, வாகனம் குதிரை. வயிற்றின் பாரத்தைச் சேணத்தின் முன்கொம்பில் தாங்க வைத்துக்கொண்டு சில நாட்கள் பயணம் செய்தார். டான்வில் வந்து சேர்ந்தபோது, சேணம் அழுத்திய இடத்தில் வயிற்றுச் சதை கன்றிப் போயிருந்தது.

கிறிஸ்துமஸ் நாளன்று அறுவை சிகிச்சை நடந்ததாக மரபாகச் சொல்லப்படுகிறது. மருத்துவமனை கிடையாது, மெக்டவலின் வீட்டில் ஒரு மேசைதான். இடப்பக்கம் சுமார் 9 அங்குல நீளத்துக்குக் கீறினார். கட்டி அந்தத் திறப்பின் வழியே வர முடியாத அளவுக்குப் பெரியது. எனவே முதலில் சினைக்குழாயை நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டியைத் திறந்து உள்ளே இருந்த கூழ் போன்ற பொருளை வெளியே எடுத்தார். அது மட்டும் 15 பவுண்டு. பிறகு பையை அறுத்து எடுத்தார். அது ஏழரை பவுண்டு. மொத்தம் பத்து கிலோவுக்கு மேல்! இதற்கிடையில் குடல் மேசை மேல் சரிந்துவிட்டது, வேலை முடியும் வரை அதை உள்ளே தள்ள முடியவில்லை. மொத்தமாக 25 நிமிடங்கள். அவ்வளவு நேரமும் ஜேன் விழித்திருந்தார். பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தாராம். (அவர் இறந்தால் மருத்துவரைத் தூக்கில் போட வெளியே கூட்டம் கயிற்றோடு நின்றது என்று ஒரு கதையும் உண்டு. பின்னால் வந்தவர்கள் சேர்த்த மசாலாவாகவே அது தெரிகிறது.)

ஐந்தாம் நாள் பார்க்கப் போன மெக்டவல் திகைத்துப் போனார். நோயாளி எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தார்! 25 நாட்களில் வீடு திரும்பிவிட்டார்.

அந்தக் கட்டி புற்றுநோயா? கூழ் போன்ற பொருளையும், அதன்பின் அவர் வாழ்ந்த நீண்ட காலத்தையும் வைத்துப் பார்த்தால் புற்றில்லாத கட்டியாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் மேசையில் படுத்தபோது அது அவருக்கோ மருத்துவருக்கோ தெரிய வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், இன்றும் இந்த விஷயம் முழுதாக மாறிவிடவில்லை. ஸ்கேனும் சி.ஏ.-125 என்ற ரத்தப் பரிசோதனையும் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும், முடிவாகச் சொல்லாது. கட்டி சினைப்பையோடு நிற்கிறது என்று தோன்றினால் ஊசி போட்டுச் சதை எடுப்பதையும் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். அது புற்றாக இருந்து உடைந்தால் வயிற்றுக்குள் பரவிவிடலாம் என்ற பயம்தான் காரணம். எனவே பல பெண்கள் என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாமலேதான் இன்றும் அறுவை அரங்குக்குள் போகிறார்கள்.

மெக்டவல் அவசரப்பட்டு விளம்பரம் தேடவில்லை. 1817-இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் வெளிவந்த ஒரு மருத்துவ இதழில் மூன்று அறுவைகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதினார். லண்டனில் ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் ஜேம்ஸ் ஜான்சன் அதை நம்பாமல் கேலி செய்தார். பிறகு கடவுளிடமும் மெக்டவலிடமும் மன்னிப்புக் கேட்பதாக அவரே எழுத வேண்டி வந்தது.

அந்தக் கட்டுரையில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. முதல் நோயாளிக்குப் பெயர் இருக்கிறது. மற்ற இருவரும் கறுப்பினப் பெண்கள், அவர்களுக்குப் பெயரே இல்லை. கென்டக்கியில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம் அது, இவர்களும் அடிமைகள் என்றே கருதப்படுகிறது. ஜேனிடம் சொன்னது போல இவர்களிடமும் ஆபத்தை விளக்கி, வருகிறீர்களா என்று கேட்டாரா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சினைப்பை அறுவை சிகிச்சையின் வரலாற்றில் ஜேனின் துணிச்சலைக் கொண்டாடும்போது பலரும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடுகிறார்கள்.

ஈதர் மயக்க மருந்து பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது 1846-இல். கிருமிநாசினி முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். மெக்டவல் இந்த இரண்டையும் பார்க்கவில்லை. 1830-இல் திடீரென வந்த வயிற்று நோயால் இறந்தார். அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். வயிற்றைத் திறந்து காட்டியவருக்கு வயிற்றைத் திறக்க ஆள் இல்லை!

ஜேன் அவரைவிட 12 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார். பிற்காலத்தில் இந்தியானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, 1842-இல் தம் 78-ஆம் வயதில் காலமானார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் கென்டக்கி மாநிலத்தின் சார்பில் 1929-இல் வைக்கப்பட்டது மெக்டவலின் சிலை. ஜேன் குதிரையில் வந்த வழிக்கு கென்டக்கியில் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.