பிடுங்கி எறிந்த மெட்டுகள்

எட்டு பவுண்டுக்குக் கிடைக்கும் பேஸ் கிட்டார் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது அது. ஃபிரெட்டுகள் கடகடவென்று சத்தம் போட்டன. 1961-இல் அதை வாங்கிய தென் லண்டன் இளைஞர் பில் வைமன், கிட்டாரின் உடலை அறுத்துச் சிறிதாக்கினார். ஃபிரெட்டுகளை மொத்தமாகப் பிடுங்கினார். புதியவை வாங்கிப் பொருத்துவதாகத்தான் திட்டம். அதுவரை சும்மா வாசித்துப் பார்ப்போமே என்று தந்தியைத் தட்டினார். நாதம் பிடித்துப்போயிற்று. புது ஃபிரெட் வாங்கும் வேலையை அத்தோடு விட்டுவிட்டார். அடுத்த ஆண்டின் இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் அவர் சேர்ந்தபோது அந்தக் கிட்டாரும் கூடவே போனது.

ஃபிரெட் என்பது வேறொன்றுமில்லை, வீணையில் மெழுகின் மேல் வரிசையாக நிற்கும் மெட்டுதான். விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் சுருதி தப்பாமல் அது பார்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிட்டாருக்கு ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்று பெயர் வைத்ததே இதனால்தான். அதுவரை நடன இசைக்குழுக்களில் கீழ்ச்சுரம் வாசித்தது ஆளுயர டபுள் பேஸ். அதில் மெட்டு கிடையாது. வருடக்கணக்கில் பழகினால்தான் விரலுக்கு இடம் தெரியும். காரில் ஏற்றிப்போவதோ தனி அவஸ்தை. லியோவின் கருவியைச் சாதாரண கிட்டார்காரரும் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களிலேயே ஃபிரெட் வைத்த மின்சார பேஸ் செய்துவிட்டார் என்றாலும் சந்தையைப் பிடித்தது ஃபெண்டர்தான்.

ஆக, ஃபிரெட் என்பது காசு கொடுத்து வாங்கிய வசதி. பிறகு எதற்காகப் பிடுங்க வேண்டும்?

வீணைக்காரருக்கு அந்தத் தேவை இல்லை. மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வரவழைத்துவிடுவார். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அவ்வளவுக்கு வளைந்து கொடுக்காது. இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக வேண்டுமானால் தடையை எடுத்துவிடுவதே வழி. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாதமும் மாறும். உலோக முனையில் தொடும்போது கணீரென்று ஒலிக்கும் தந்தி, விரலின் சதைக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கும்போது சற்று முனகும். அந்த முனகலுக்காகத்தான் ஒரு கூட்டமே ஃபிரெட்லெஸ், அதாவது ஃபிரெட் இல்லாத, பேஸைத் தேடி அலைகிறது.

கடையில் வாங்கக்கூடிய முதல் ஃபிரெட்லெஸ் பேஸ் கிட்டாரை 1966-இல் கொண்டுவந்தது ஆம்பெக் நிறுவனம். அதைத் தொடங்கிய எவரெட் ஹல் டபுள் பேஸ் வாசித்தவர். அந்த வாத்தியத்தைத் தாங்கும் கால்முளைக்குள் மைக் பொருத்தியதுதான் அவருடைய முதல் சரக்கு. கம்பெனியின் பெயரும் அதிலிருந்து வந்ததே. மெட்டில்லாத கருவி அந்த வீட்டிலிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. ‘தி பேண்ட்’ குழுவின் ரிக் டாங்கோ அதைக் கையிலெடுத்தார். 1970-இல் ஃபெண்டரும் ஃபிரெட் இல்லாத மாடலை இறக்கியது. அதற்கும் பெயர் ‘பிரிசிஷன்’தான். துல்லியம் தரும் உறுப்பைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்குத் தோன்றியதோ!

ஃபிரெட்லெஸ் ஆசையைக் காய்ச்சலாக்கியவர் ஃபுளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவர் கையிலிருந்தது 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். வெண்ணெய் தடவும் கத்தியால் ஃபிரெட்டுகளைத் தானே நெம்பி எடுத்ததாக ஒரு சமயம் சொன்னார். வாங்கும்போதே யாரோ பிடுங்கியிருந்ததாக இன்னொரு சமயம். பள்ளங்களில் பட்டி அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். அது அலங்காரத்துக்கு அல்ல. அவர் போட்டது ரோட்டோசவுண்டின் உருட்டுச்சுற்றுத் தந்தி. அதன் வரிவரியான மேல்பரப்பு அரம்போல ரோஸ்வுட் விரல்பலகையை ராவிவிடும். 1976-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. பிறகு எத்தனை நல்ல பேஸ் கிட்டார்கள் எத்தனை பேர் வீட்டில் குறடுக்கு இரையாயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்த அனுபவத்தில்தான் வாங்குபவர்களும் தேறினார்கள். வழவழப்பான தந்திதான் போடப்போகிறீர்களா? ரோஸ்வுட் தாங்கும். இல்லையென்றால் எபனியோ எபாக்ஸிப் பூச்சோ தேவை. ஃபிரெட் இருந்த இடங்களில் கோடு போட்ட பலகை வேண்டுமா, வெறும் பலகையா என்பது அடுத்த வழக்கு. கோடு போட்டதைக் கற்றுக்குட்டிக்கு என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. ஜாக்கோவின் பலகையிலேயே கோடுகள் தெரிந்தன என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். கோட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபிரெட் உள்ள கருவியில் அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்திப் பழகிய விரல், இங்கே கோட்டின் மேலேயே விழ வேண்டும். பழக்க தோஷத்தில் பின்னால் அழுத்தினால் சுருதி இறங்கிவிடும். நெக்கின் தலைப்பக்கம் அரைச்சுர இடைவெளி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். உடலை நெருங்கும்போது அது அரை அங்குலத்துக்குச் சற்று மேலே என்ற அளவுக்குக் குறுகிவிடும். அங்கே ஒரு மயிரிழை பிசகினாலும் காதில் குத்தும்.

விற்கப் போனால் கணக்கே வேறு. 1960-களின் அசல் ஃபெண்டரில் ஃபிரெட் பிடுங்கிய தடம் தெரிந்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார், விலையும் இறங்கும். அதே வேலை ஜாக்கோவின் கையால் நடந்திருந்தால் சங்கதி தலைகீழ். 1999-இல் ஃபெண்டர் அவர் பெயரிலேயே ஃபிரெட் இல்லாத ஜாஸ் பேஸை விற்கத் தொடங்கியது. பழைய கருவியின் கீறலையும் தேய்மானத்தையும் புது மரத்தில் வேலை மெனக்கெட்டு உண்டாக்கிய பதிப்பும் அதில் உண்டு.

அசலோ அப்போது எங்கே என்று தெரியாமல் கிடந்தது. 1980-களில் துண்டு துண்டாக உடைந்து, ஒட்டிச் சேர்க்கப்பட்டு, 1986-இல் நியூயார்க்கில் திருடு போனது. மறு ஆண்டு ஜாக்கோ இறந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் ஒரு கிட்டார் வியாபாரியிடம் அது தலைகாட்டியது. யாருக்குச் சொந்தம் என்று தகராறு கிளம்பியது. ‘மெட்டாலிகா’ குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ 2010-இல் பணம் கொடுத்து அதை மீட்டார். குடும்பத்தார் கேட்கும்போது வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.