மின் கருவி செட்டிங்குகளில் தரவு வகைகள்

பாதுகாப்பு ரிலே, மின்னளவி, சோலார் இன்வெர்ட்டர் போன்ற கருவிகளில் பதிக்கப்படும் செட்டிங் முழு எண்ணா, தசம எண்ணா, ஆம்–இல்லை என்ற தெரிவா என்று வரையறுப்பது தரவு வகை. நினைவகத்தில் இருப்பவை வெறும் பிட்டுகள். வகை தெரியாமல் அவற்றுக்குப் பொருள் இல்லை.

மின்காந்த ரிலேக்களின் காலத்தில் வகையைக் கருவியின் உடலே தீர்மானித்தது. பரவலாகப் பயன்பட்ட அதிமின்னோட்ட ரிலேயின் முகப்பில் 50 முதல் 200 சதவீதம் வரை, 25 சதவீத இடைவெளியில் ஏழு துளைகள். பிளக்கை அவற்றில் ஒன்றில்தான் செருகலாம். 110 என்று வைக்க வழியில்லை. நேரம் வைக்கும் டயலோ 0.1 முதல் 1 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவது, தொடர் அளவில் ஒன்றைக் குறிப்பது என்ற இரு வகைகளும் அப்போதே புழங்கின எனலாம்.

1979-இல் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் பிஎல்சி எனப்படும் தன் தொழிலகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக மோட்பஸ் என்ற தகவல் தொடர்பு நெறிமுறையை வெளியிட்டது. அதில் இரண்டே அளவுகள்: ஒரு பிட், அல்லது 16 பிட் கொண்ட ரெஜிஸ்டர். 16 பிட்டில் 0 முதல் 65535 வரை அடங்கும். அதையே குறியுடன் படித்தால் −32768 முதல் 32767 வரை. எப்படிப் படிப்பது என்பதை நெறிமுறை சொல்லவில்லை. அதனால் சோலார் மின்சாரம் எதிர்த்திசையில் −5 கிலோவாட் பாயும்போது, வகை மாறிப் படிக்கும் திரையில் 65531 தெரியும். தசமத்துக்கும் இடமில்லை, 230.5 வோல்ட்டை 2305 என எழுதி, பத்தால் வகுக்கும்படி கையேட்டில் குறித்தார்கள்.

1985-இல் ஐஇஇஇ 754 தரம் 32 பிட் தசம எண்ணுக்கு வடிவம் தந்தது. மோட்பஸில் அதை இரண்டு ரெஜிஸ்டர்களாகப் பிரித்தே அனுப்ப முடியும். எது முதலில் என்பதில் உற்பத்தியாளர்கள் ஒத்துப்போகவில்லை. 230 வோல்ட் என்பது 17254, 0 என்ற ஜோடியாகிறது. வரிசை மாறினால் கிடைப்பது பூஜ்யத்தை ஒட்டிய ஓர் எண். அளவு முன்பே தெரிந்த ஒரு மதிப்பைப் படித்துப் பார்த்து வரிசையை உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற செட்டிங்குகளில் கைவைப்பது நல்ல வழக்கம்.

2000-களில் வந்த துணைமின்நிலையத் தரமான ஐஇசி 61850 சிக்கலின் வேரைத் தொட்டது. அதில் அனலாக் செட்டிங் தனி வகை. எண்ணோடு அலகு, கீழ்வரம்பு, மேல்வரம்பு, படி அளவு ஆகியவையும் சேர்ந்தே இருக்க இடமுண்டு. செட்டிங் தொகுதிகளில் திருத்தத்தில் உள்ள மதிப்பும் நடப்பில் உள்ள மதிப்பும் தனித்தனி என்பதால், பாதி மாற்றிய செட்டிங்கோடு ரிலே இயங்கும் ஆபத்தும் தவிர்க்கப்பட்டது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய முன்னேற்றம் இதுவே.

மோட்பஸும் ஓய்ந்துவிடவில்லை. இன்வெர்ட்டர்களுக்கான சன்ஸ்பெக் விவரக்குறிப்பு, பத்தின் எந்த அடுக்கால் பெருக்க வேண்டும் என்பதையும் தனி ரெஜிஸ்டரில் வைக்கிறது. குறியுள்ள 16 பிட் இடத்தில் −32768 இருந்தால், அந்த அளவீடு அக்கருவியில் இல்லை என்று பொருள்.