கட்டடங்களுக்கும் ஸனது வேண்டும்

பழைய கட்டடம் ஒன்று ஓர் ஊரில் இருக்குமாயின் அதனைச் சுற்றிக் கதையொன்றும் இருக்கும். கட்டியவர் யார், எக்காலத்தில் கட்டினார், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று சிறுவர் கேட்பர்; பெரியவர் தாம் கேள்வியுற்றதைக் கூறுவர்; கேள்வியுறாத இடத்தைக் கற்பனை நிரப்பிவிடும். புதுச்சேரியில் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. நகரின் வடபால் உள்ள முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டின் அருகே நின்று எவரை வினவினாலும் ஏதேனும் ஒரு செய்தி கிடைக்கும். கடற்கரையில் நிற்கும் கற்றூண்களைப் பற்றி ஒருவர் கூறுவார். பூங்காவின் நடுவே விளங்கும் வெண்ணிற மண்டபத்தைப் பற்றி மற்றொருவர் கூறுவார். தரைக்கடியில் சுரங்கப்பாதை ஓடுகிறது என்று மூன்றாமவர் கூறுவார். கேட்பதற்கு இவை இனியவை. ஆயின் இவற்றுள் எதை நம் பிள்ளைகளுக்கு வரலாறு என்று சொல்வது, எதைக் கதை என்று சொல்வது?

இதற்குரிய அளவுகோல் மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் இரு வகையில் அதனை ஆராய்வர். ஒன்று ஸனது, அதாவது, யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர். மற்றொன்று மத்னு, அதாவது செய்தியின் உள்ளடக்கம். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அச்செய்தியின் தரம் இறங்கிவிடும். மார்க்கச் செய்திகளுக்குரிய தரங்களை ஊர்க்கதைகளுக்கு அப்படியே சூட்டுவது முறையாகாது. எனினும், “இதை உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்?” என்று கேட்கும் பழக்கம் எந்தச் செய்திக்கும் பொருந்தும்.

வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1377ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’வில் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். தமக்கு முன்னோரான மஸ்ஊதீ எழுதிய சில செய்திகளை அவர் துணிந்து மறுத்தார். அலெக்சாந்தர் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலடிக்குச் சென்றார் என்ற கதைக்கு, மூடிய பேழைக்குள் மனிதன் மூச்சுவிடுவது எவ்வாறு என்று கேட்டார். முழுவதும் செம்பினால் ஆன நகரம் ஒன்று பாலைவனத்தில் உண்டு என்ற கதைக்கு, ஒரு நகரையே எழுப்பும் அளவு உலோகம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். சொன்னவர் பெரியவர் என்பது மட்டும் போதாது. சொன்னது இயற்கைக்கு ஒத்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்த அளவுகோலால் சுரங்கப்பாதைக் கதையை அளந்து பார்ப்போம். கோட்டை இருந்த ஊர்களிலெல்லாம் இக்கதை உண்டு. புதுச்சேரியோ மணற்பாங்கான கடலோர ஊர். சிறிது ஆழம் தோண்டினாலே நீர் ஊறும் நிலம் அது. 1748இல் நகரை முற்றுகையிட்ட ஆங்கிலத் தளபதி பொஸ்காவன், வடமேற்குப் பக்கத்தில் பள்ளங்கள் வெட்டி முன்னேற முயன்று, சதுப்பு நிலத்தால் தடுமாறி, இறுதியில் மழைக்காலம் நெருங்க முற்றுகையையே கைவிட்டார். பள்ளம் வெட்டுவதே அரிதான நிலத்தில், காததூரம் செல்லும் சுரங்கம் வெட்டினர் என்றால் அதற்கு வலுவான சான்று வேண்டுமன்றோ?

முத்தியால்பேட்டை

‘பேட்டை’ என்பது வணிகரும் தொழிலாளரும் கூடி வாழும் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ‘முத்தியாலு’ என்பது தெலுங்கில் முத்துகளைக் குறிக்கும். சென்னையிலும் இதே பெயரில் ஒரு பேட்டை உண்டு. புதுவை முத்தியால்பேட்டை, பழைய நகரின் எல்லைக்கு வெளியே, சென்னைக்குச் செல்லும் பாதையில், நெசவாளர் வாழ்ந்த பேட்டையாக வளர்ந்தது. அதனை அடுத்து வடக்கே முஸ்லிம்கள் பெருகி வாழும் கோட்டக்குப்பம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே நாட்டெல்லையே ஓடியது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பின்னர் அந்த எல்லை மாநில எல்லையாகச் சுருங்கியது.

நெசவைப் பற்றிய ஒரு செய்தியை ஈண்டு குறிப்பிட வேண்டும். புதுவை வட்டாரத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை வரை சென்றது. அங்கிருந்த மூர் முஸ்லிம்கள் அதனை வாங்கிக் கருவேலம் பிசினைக் கொடுத்தனர். நாணயத்துக்கு ஈடாகவே அத்துணி அங்கு வழங்கியது. இது கதை போலத் தோன்றினும் வணிகக் கணக்குகளில் பதிவான வரலாறு. கதை போலத் தோன்றுவன எல்லாம் பொய்யல்ல என்பதற்கு இதுவே சான்று.

முத்தியால்பேட்டையை ஒட்டிய கருவடிக்குப்பத்தில் குயில்தோப்பு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், ‘குயில் பாட்டு’ எழுத இத்தோப்பே தூண்டுதல் என்பர். தோப்புக்குரியவர் முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் என்று பாரதியாரின் நண்பர் வட்டத்தினர் எழுதி வைத்தனர். கண்டவர் எழுதியது ஆதலின் இச்செய்தியின் தொடர் நெருக்கமானது. ஆனால் ‘இந்த மரத்தடியில்தான் அமர்ந்தார்’ என்று ஒரு மரத்தைச் சுட்டிக் காட்டுவோமாயின், அங்கே தொடர் அறுந்துவிடுகிறது.

1761 என்னும் சோதனை

புதுவைக் கட்டடம் எதைப் பற்றியும், ‘முந்நூறு ஆண்டு, நானூறு ஆண்டு’ என்று சொல்வோர் ஓர் ஆண்டை நினைவிற்கொள்ள வேண்டும். 1761 ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதன்பின் கோட்டை தகர்க்கப்பட்டது; ஆளுநர் மாளிகை தகர்க்கப்பட்டது; வெள்ளையர் வாழ்ந்த பகுதி தரைமட்டமாயிற்று. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி 1765இல் ஊர் திரும்பக் கிடைத்தபோது, பழைய தெருக்களின் அமைப்பிலேயே புதிய நகரம் எழுப்பப்பட்டது. அந்தத் தெருக்களின் நேர்கோட்டு ஒழுங்கும் பிரெஞ்சுக்காரர் வகுத்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். 1693 முதல் 1699 வரை ஊரை ஆண்ட டச்சுக்காரர் 1694இல் வரைந்த படத்திலேயே அவ்வொழுங்கு காணப்படுகிறது.

தமிழர் வாழ்ந்த பகுதியில் சில கட்டடங்கள் அழிவுக்குத் தப்பின. துபாஷ் ஆனந்தரங்கப்பிள்ளையின் மாளிகையை அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடுவர். ஆகவே 1761க்கு முந்தியது என்று எதையேனும் சொல்வோர், அது எவ்வாறு தப்பியது என்பதையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்.

கட்டடம் அழிந்தும் பெயர் பிழைத்திருப்பது உண்டு. மிஷன் வீதியிலுள்ள மாதா கோயிலைச் ‘சம்பா கோயில்’ என்று மக்கள் அழைக்கின்றனர். சம்பா நெல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்னர் அங்கிருந்தது ஏசு சபையினரின் ‘சாம் போல்’ ஆலயம். அதாவது தூய பவுலின் பெயரால் அமைந்த ஆலயம். அது 1761இல் அழிந்தது. 1791இல் முடிவுற்ற இன்றைய ஆலயத்துக்கு வேறு பெயர் வைத்தும், பழைய பெயரே நாவில் நிலைத்துவிட்டது. இங்கே மக்கள் நாவே நம்பகமான அறிவிப்பாளர்.

கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பது மற்றொரு செய்தி. 1750இல் தளபதி புசி செஞ்சியைக் கைப்பற்றினார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. தூணின் வேலைப்பாடும் ஆட்சிக் காலமும் இச்செய்திக்கு ஒத்து வருகின்றன. அதே செஞ்சிக் கோட்டையினுள் ஸஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசல் நிற்கிறது. 1717–18இல் கட்டப்பட்டது என்பதற்குப் பாரசீகக் கல்வெட்டு அதிலேயே இருக்கிறது. தன் ஸனதைத் தானே சுமந்து நிற்கும் கட்டடத்தைப் பற்றி வழக்காடுவோர் இலர்.

ஆயி மண்டபம்

புதுவைக் கதைகளுள் புகழ் மிக்கது ஆயியின் கதை. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே சென்றபோது, விளக்குகள் ஒளிரும் மாளிகை ஒன்றைக் கண்டு கோயிலென எண்ணித் தொழுதாராம். அது ஆயி என்னும் தாசியின் இல்லம் என்று அறிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னாராம். ஆயி, தானே இடித்துவிடுவதாக வேண்டி, அவ்விடத்தில் ஊருக்குப் பயன்படும் குளம் ஒன்றை வெட்டினாளாம். பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. லமைரெஸ் என்ற பொறியாளர் அப்பணியைச் செய்தார். கதையைக் கேள்வியுற்ற பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், அப்பெண்ணின் நினைவாக மண்டபம் எழுப்பச் செய்தார் என்பர். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அம்மண்டபமே இடம்பெற்றிருக்கிறது.

ஆராய்ந்தால், கிருஷ்ணதேவராயர் 1529இல் மறைந்தார். மூன்றாம் நெப்போலியன் 1852இல் பேரரசரானார். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவு காலம் இச்செய்தியைக் கடத்தி வந்தவர் யாவர்? தொடர் அறுந்தே கிடக்கிறது. ஆயின் செய்தியின் நடுவே உறுதியான ஒன்று இருக்கிறது. தாகித்த நகருக்கு முத்திரையர்பாளையத்து நீர் வந்தது என்பதே அது. தண்ணீர் தந்தவரை மறக்கலாகாது என்ற நன்றியுணர்ச்சி, மன்னர் கதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டது போலும். கதையைக் கதையென்றும் நீரை வரலாறென்றும் பிரித்துச் சொன்னால் ஆயிக்கு இழுக்கில்லை.

ரமளானில் தப்பிய பள்ளி

இனி நம் பள்ளிவாசல்களுக்கு வருவோம். ‘ஆற்காட்டு நவாபு கட்டியது’ என்று கர்நாடகப் பகுதி எங்கும் பல பள்ளிகளைச் சொல்வர். புதுவையைப் பொறுத்தவரை அது நடவாத காரியம் அன்று. 1740இல் நவாபு தோஸ்த் அலீகான் போரில் மாண்டபோது அவர் குடும்பத்தாரும் சந்தாசாகிபின் குடும்பத்தாரும் ஆளுநர் துமாவிடம் அடைக்கலம் பெற்றுப் புதுவையில் தங்கினர். எனினும் நடந்திருக்கக் கூடியது வேறு, நடந்தது வேறு. நவாபின் பெயர் இல்லாவிடினும் பள்ளியின் கண்ணியம் குறைவதில்லை.

இதைவிடப் பெருமதிப்புள்ள செய்தி ஒன்று நம்மவருள் பலர் அறியாமலே இருக்கிறது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, ஆளுநர் துய்ப்ளேயின் ஆணையால் சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அடுத்துப் பள்ளிவாசலையும் இடிக்கும் முயற்சி எழுந்தது. அப்போது சிப்பாய்களின் தலைவர்களுள் ஒருவரான அப்துர் ரஹ்மான் ஆளுநரிடம் சென்றார். பள்ளியில் கை வைத்தால் சிப்பாய் ஒருவரும் மிஞ்ச மாட்டார். இடிப்போர் மீது பாய்ந்து அனைவரும் உயிர்விடுவர் என்று எடுத்துரைத்தார். வாயிலில் பகைவர் நிற்கையில் சிப்பாய்களை இழக்க ஆளுநர் துணியவில்லை. இடிப்பு நின்றது. நாள் கணக்கிட்டுப் பார்த்தால் அது ஹிஜ்ரி 1161, ரமளான் மாதத்தின் நடுப்பகுதி.

இச்செய்தியின் ஸனது யாது? ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதப்பட்டது. எழுதியவர் அவ்வூரிலேயே இருந்தவர். ஆளுநரின் அவையில் நாள்தோறும் அமர்ந்தவர். எழுதியதும் நிகழ்ந்த காலத்திலேயே. அவர் ஓர் இந்து. தம் சமயத்தாரின் கோயில் இடிந்ததைத் துயரத்துடன் எழுதிய அதே கை, முஸ்லிம் ஒருவரின் துணிவால் பள்ளி பிழைத்ததையும் மறைக்காமல் எழுதியது. அவர் அச்செய்தியை விட்டிருந்தால் அப்துர் ரஹ்மானின் பெயர் நமக்குத் தெரிந்திராது.

இதனைப் படிக்கையில் வெற்றிக் களிப்பு நமக்கு ஏற்றதன்று. ஒரே கிழமையில் ஒரு வழிபாட்டிடம் வீழ்ந்தது, மற்றொன்று நின்றது. வீழ்ந்ததற்காகப் பேச, துப்பாக்கி ஏந்திய எவரும் முன்வரவில்லை. கோயில் பிற்காலத்தில் வேறிடத்தில் எழுந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கும் வயது சொல்லிப் பூசலிடுவோர் மலிந்த இக்காலத்தில், ஒரு பக்கத்துக் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஆபத்து. பிள்ளை எழுதியதுபோல இரண்டையும் சொல்வதே நேர்மை.

செய்யத்தக்கவை

கதைகள் வளர்ந்துகொண்டிருக்க, கட்டடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நகராட்சிக் கட்டடமாகிய மேரி, 2014 நவம்பரில் மழையில் இடிந்து வீழ்ந்தது. வரைபடங்களும் ஒளிப்படங்களும் இருந்தமையால் பழைய வடிவிலேயே அதனை மீண்டும் எழுப்பி 2021இல் திறந்தனர். நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அத்தகைய வரைபடங்கள் உளவா? விரிவாக்கத்தின் போது பழைய மிஹ்ராபும் கல்தூணும் அகற்றப்படுகையில், அளவெடுத்துப் படம் பிடித்து வைப்போர் எத்தனை பேர்?

ஜமாஅத்தின் பழைய தீர்மானப் புத்தகங்கள், வக்ஃபுப் பத்திரங்கள், பிரெஞ்சுக் காலத்து நோத்தேர் எழுதிய உரிமைப் பத்திரங்கள், கப்ருஸ்தானின் மீஸான் கற்களில் உள்ள அரபு, தமிழ் எழுத்துகள் ஆகியவை யாவும் ஸனதுகளே. சுண்ணாம்பு பூசுவதற்கு முன் மீஸான் கல்லைப் படித்து எழுதிக்கொள்ள ஒரு மாணவனும் ஒரு குறிப்பேடும் போதும். முத்தியால்பேட்டையிலும் கோட்டக்குப்பத்திலும் காஜியார் வீதியிலும் இருக்கும் முதியவர்களிடம் கதை கேட்கும்போது, சொன்னவர் பெயரையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும், கேட்ட தேதியையும் அடியில் எழுதி வைக்க வேண்டும். நூறாண்டு கழிந்து அதனைப் படிப்பவர், ஏற்பதா தள்ளுவதா என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார்.