கடிகையும் கணக்கும்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் சாலையில், பாலாற்றின் வடகரையை ஒட்டி அமைந்த ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்பதால் இவ்வூரின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்குவதாகக் கருதுவோர் உளர். பெயர்தான் அக்காலத்தது, மண் மிகப் பழையது. மேற்கே காஞ்சி மாநகர், தெற்கே உத்தரமேரூர், ஆற்றின் போக்கில் சற்றே சென்றால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். கல்வி நிலையங்களுக்கும் நாட்டின் நீதிக்கும் உள்ள உறவைக் கல்வெட்டுக்களின் வாயிலாக அறிய விழைவோர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இம்மூன்று ஊர்களும் வாலாஜாபாத்திலிருந்து ஒரு நாள் நடைத்தொலைவிற்குள் அடங்கிவிடுகின்றன.

பல்கலைக்கழகம் என்றதும் நாளந்தாவை நினைப்பது நம்மவர் வழக்கம். அந்நாளந்தாவின் தலைமைப் பேராசிரியராக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்று சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்துள்ளார். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகளிடம் மணிமேகலை அறங்கேட்டதும் இந்நகரில்தான். ஆயினும் காஞ்சியின் கல்விப் பெருமையை நேரிற் காட்டுவது கடிகை என்னும் நிறுவனமே. கடிகை என்ற சொல்லின் பொருளில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. குடத்தைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்தது என்றும், குடத்தில் ஓலையிட்டு எடுத்து மாணாக்கரை வினவும் முறையால் வந்த பெயராகலாம் என்றும் ஊகித்தோர் உண்டு. ஊகம் எவ்வாறாயினும், வேதமும் சாத்திரங்களும் கற்றுத் துறைபோயவர் கூடிய பேரவை அது என்பதில் ஐயமில்லை.

அக்கடிகையைப் பற்றிய மிகப் பழைய கதையே ஒரு பூசலின் கதையாக இருப்பது வியப்பிற்குரியது. கருநாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் ஒரு கற்றூண் நிற்கிறது. கதம்ப மன்னன் சாந்திவர்மன் காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டில், குப்சன் என்னும் புலவன் யாத்த வடமொழிக் காவியம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கதம்பர் குல முதல்வனான மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மனுடன் பல்லவர் தலைநகருக்கு வந்து, மறை முழுவதையும் கற்கும் வேட்கையோடு கடிகையுள் புகுந்தான். அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு கடும் பூசல் விளைந்தது. (குதிரை என்னும் சொல் வரும் அத்தொடருக்கு வேறு பொருள் கூறுவாரும் உளர்.) இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்த மாணவன் நூலைத் துறந்தான், தருப்பையும் சமித்தும் ஏந்திப் பழகிய கையில் வாளை ஏந்தினான். பல்லவரின் எல்லைக் காவலரை வென்று, திருப்பருப்பதத்தைச் சூழ்ந்த காடுகளில் நிலைகொண்டு, பாணரிடம் திறை பெற்றான். அவனை அடக்க இயலாத பல்லவர் ஈற்றில் அவனுக்குப் பட்டங்கட்டி ஒரு நாட்டையே ஈந்தனர். நான்காம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கதம்ப அரசு பிறந்த வரலாறு இதுவாகும்.

இது வென்றவன் குடியில் வந்த வேந்தனுக்காகப் பாடப்பட்ட காவியம் என்பதை மறக்கலாகாது. அக்குதிரைவீரன் தரப்பில் என்ன நிகழ்ந்தது என்று சொல்லப் புலவன் எவனும் இல்லை. ஆயினும் குப்சன் மறைக்காத செய்தி ஒன்று உண்டு. கல்விச்சாலைக்கு வந்த மாணவன் அவமதிக்கப்பட்டபோது அவன் முறையீட்டைக் கேட்க ஒரு மன்றம் இருந்ததாக அக்காவியம் கூறவில்லை. வழக்காக முடிந்திருக்கக் கூடியது போராக முடிந்தது.

காலம் செல்லச் செல்லக் கடிகையின் நிலை மாறியதைப் பிற்காலச் சான்றுகள் உணர்த்துகின்றன. கடிகையைக் கைப்பற்றுவது அரசர்க்கு வெற்றிச் சின்னமாக இருந்த காலமும் உண்டு. கந்தசிஷ்யன் என்னும் பல்லவன் சத்தியசேனன் என்ற மன்னனிடமிருந்து அதனைக் கவர்ந்ததாக வேலூர்ப்பாளையம் செப்பேடுகள் கூறுகின்றன. கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்மன் கடிகையை மீண்டும் தழைக்கச் செய்தான் என்று அச்செப்பேடுகளே பாராட்டுகின்றன. கோயில் எடுத்ததற்கு நிகரான புகழ் கல்விக் கழகத்தைப் புதுப்பித்ததற்கும் அளிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

அவன் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின், ஏறத்தாழ 731ஆம் ஆண்டில், பல்லவ நாடு அரசனின்றித் தவித்தது. அரியணைக்கு நேர் வாரிசு இல்லாத நிலையில் உள்நாட்டுப் போர் மூள்வது அக்கால இயல்பு. அன்று நிகழ்ந்ததை வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சிற்பங்களும், அவற்றோடு பொறிக்கப்பட்ட விளக்கங்களும் காட்டுகின்றன. மாத்திரர் எனப்பட்ட அமைச்சர்களும், மூலப்பிரகிருதிகள் எனப்பட்ட குடிகளின் தலைவர்களும், கடிகையாரும் கூடி, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழிவந்த இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டினர். இரணியவர்மன் தன் மைந்தர்களை ஒருவர்பின் ஒருவராக வினவினான். மூத்தோர் மறுத்தனர். பன்னிரண்டு வயதே நிரம்பிய இளையவன் தான் செல்வதாக உரைத்தான். காஞ்சிக்கு அழைத்துவரப்பட்ட அச்சிறுவனுக்கு முடிசூட்டிய அவையிலும் கடிகையார் இடம்பெற்றனர். நந்திவர்மப் பல்லவமல்லன் என்று அறியப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டவன் அவனே.

இதனைக் குடியாட்சி என்று கொண்டாடுவது மிகை. கடிகையார் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அரச குலத்தையே நாடினர். பல்லவமல்லன் பின்னாளில் போரின்றி ஆண்டவனும் அல்லன். எனினும் படைத்தலைவர்கள் வாளால் முடிவு செய்திருக்கக் கூடிய ஒன்றைச் சொல்லால் முடிவு செய்யக் கற்றோரவை ஒன்று உடனிருந்தது. அவர்கள் வாய்ச்சொல்லை நாடு ஏற்றது. அந்நம்பிக்கையே கடிகையார் கையிலிருந்த ஒரே படைக்கலம்.

அந்நம்பிக்கை பகைவரிடத்தும் இருந்தது என்பதற்குக் காஞ்சியிலேயே சான்று உண்டு. பல்லவமல்லன் காலத்தில் காஞ்சியின்மேற் படையெடுத்து வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் நகரைச் சூறையாடவில்லை. இராசசிம்மேச்சரத்தின் செல்வத்தைக் கண்டு அதனை இறைவனுக்கே திரும்ப அளித்தான். அச்செய்தியைக் கைலாசநாதர் கோயில் தூணொன்றில் கன்னட மொழியில் பொறித்தும் வைத்தான். இவ்வறத்தை அழிப்போர் எவ்வுலகம் புகுவர் என்பதைச் சொல்ல வந்த இடத்தில், காஞ்சிக் கடிகையின் பெருமக்களைக் கொன்றவர் புகும் உலகம் புகுவர் என்கிறது அக்கல்வெட்டு. பசுவைக் கொன்ற பாவத்தையும் கங்கைக்கரையையும் கூறுவது பிற கல்வெட்டுக்களின் மரபு. வென்ற நகரில் நின்ற ஒரு வேற்றரசன், அந்நகரத்தார் நெஞ்சில் தைக்கும் கொடிய பாவம் எது என்று தேர்ந்தபோது, கற்றோரைக் கொல்வதையே சுட்டினான். நூலகங்கள் எரிக்கப்படுவதைக் கண்ட நூற்றாண்டினர்க்கு, 1981இல் யாழ்ப்பாணத்தை இழந்த தமிழர்க்கு, இவ்வரி வெறும் பழங்கதையாகத் தோன்றாது.

நம்பிக்கை மட்டும் ஒரு நிறுவனத்தை நிலைநிறுத்துமா? நெல் வேண்டும், எண்ணெய் வேண்டும், அவற்றை அளப்பதற்குக் கணக்கு வேண்டும். அதைக் காணத் திருமுக்கூடலுக்கு வரவேண்டும்.

அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்து நெடிய கல்வெட்டு உள்ளது. கோயிலின் சனநாத மண்டபத்தை ஒட்டி ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகிய மூன்றும் நடைபெற்றன. இருக்கு வேதம் கற்போர் பதின்மர். யசுர் வேதம் கற்போர் பதின்மர். வியாகரணமும் ரூபாவதாரமும் கற்போர் இருபதின்மர். பாஞ்சராத்திரம் பயில்வோர் பதின்மர். சைவர், வானப்பிரத்தர் முதலியோர் சிலர் என அறுபதின்மர் அளவில் உண்டு உறைந்து பயின்றனர். உணவுக்கு நெல், படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெய் என்று எதுவும் விடுபடாமல் வரையறுக்கப்பட்டுள்ளது. மாணவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக் கூடக் கல்லில் எழுதிவைத்த நுண்மையை எண்ணி வியக்காமல் இருக்க இயலாது.

மருத்துவமனையின் பெயர் வீரசோழன். ஆதுலர் சாலை என்று வழங்கிய அதில் படுக்கைகள் பதினைந்து. நோயுற்ற மாணவரும் கோயிற் பணியாளரும் அங்குப் பேணப்பட்டனர். மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், மருந்து அட்டு நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர் என்று பணியாளர் அமைந்தனர். பில்வாதி கிருதம், தசமூல அரீதகி, கல்யாண லவணம் என ஏறத்தாழ இருபது மருந்துகள் ஓராண்டுக்குச் சேமித்து வைக்க ஏற்பாடு இருந்தது. நோயாளரிடையே இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. மருத்துவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும். அறுவை செய்பவர்க்கு முப்பது கலம் நெல். நூலறிந்தவனுக்கும் கைத்தொழில் அறிந்தவனுக்கும் இடையே சமூகம் வைத்த வேற்றுமை நெல்லளவிலேயே புலனாகின்றது. கல்வெட்டு அதை ஒளிக்கவில்லை. ஒளிக்காமையே கணக்கின் சிறப்பு. அநீதியும் அதில் அளவோடு பதிவாகிவிடுகிறது.

உத்தரமேரூரில் கணக்கு இன்னும் கூர்மையான கருவியாகிறது. முதற்பராந்தகன் காலத்தில் 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுக்களை அறியாதார் இலர். முப்பது குடும்புகள், குடத்தில் இடப்பட்ட ஓலைகள், உள்ளிருப்பது அறியாச் சிறுவன் எடுத்த ஓலை ஆகியன பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவற்றைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கவை தகுதி பற்றிய விதிகள். கால்வேலிக்கு மேல் நிலமுடையவனே உறுப்பினனாகலாம். ஒரு வேதமும் பாடியமும் வல்லவனாயின் அரைக்கால் வேலி போதும். கல்வி இங்கு நிலத்துக்கு ஈடாக நிறுக்கப்படுகிறது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்படுகிறான். அவன் நெருங்கிய உறவினரும் உடன் விலக்கப்படுகின்றனர். எத்துணைக் கற்றவனாயினும் கணக்குக் காட்டாமைக்கு அக்கல்வி ஈடாகவில்லை.

புதுவைக்கு அருகிலுள்ள திரிபுவனையில் 1048ஆம் ஆண்டளவில் நடந்த கல்லூரியோ வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கிருந்த 260 மாணவரும் 12 ஆசிரியரும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டனர். கற்றோர் ஊராட்சியில் அமர்தல் வேண்டும் என்பது ஒன்று. கற்பிக்கும் காலத்தில் ஆட்சிப் பணி அவரை இழுக்கலாகாது என்பது மற்றொன்று. கடிகையார் அரசனைத் தேடிச் சென்றதை எண்ணுங்கால், திரிபுவனையாரின் எச்சரிக்கையிலும் நியாயம் உண்டென்றே தோன்றுகிறது. இரண்டும் சோழ நாட்டில் ஒரே மரபினர் வகுத்தவை.

இத்துணைச் சிறப்பிலும் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. கடிகையில் கற்றோரும் திருமுக்கூடலில் உண்டு உறைந்தோரும் ஒரு வருணத்து ஆடவரையே பெரும்பான்மையாகக் கொண்டவர்கள். பாலாற்றங்கரையில் தறியிட்டு நெய்தோரின் மக்களுக்கு அங்கே பாய் விரிக்கப்படவில்லை. ஏர் உழுது அந்நெல்லை விளைவித்தோரின் மக்களுக்கும் இல்லை. பெண்டிர் அந்நிறுவனத்தில் இடம்பெற்ற ஒரே இடம் மருந்து அடும் அடுக்களை. வாயில் இத்துணைக் குறுகிய கழகம் வழங்கிய நீதி யாருக்கு எட்டியது என்ற வினாவைக் கல்வெட்டுக்கள் கேட்பதில்லை. கற்போர்தாம் கேட்டாக வேண்டும்.

அவ்வாயில் திறக்கப்பட நெடுங்காலம் பிடித்தது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாக முனைவர் பட்டம் அளித்தது 1936ஆம் ஆண்டில்தான். பட்டம் பெற்றவர் கடம்பி மீனாட்சி. அவர் எடுத்துக்கொண்ட பொருள் பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும். அந்நூல் 1938இல் வெளிவந்தது. கடிகை என்னும் நிறுவனத்தின் இயல்பைச் செப்பேடுகளையும் கல்வெட்டுக்களையும் ஒப்புநோக்கி விரிவாக ஆராய்ந்தவர்களுள் அவர் முன்னவர். அக்கடிகை நடந்த நாளில் அவரைப் போன்ற ஒருத்திக்கு அங்கே இடம் இருந்திருக்காது.

அதன்பின் அவர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றை எடுத்துக்கொண்டார். மணற்கல்லில் தேய்ந்து, சுதை பூசப்பட்டு, அடையாளம் மங்கிக் கிடந்த சிற்பங்களை ஒவ்வொன்றாக நோக்கி, எது எவ்வரசன் கதை, எது முடிசூட்டு, எது போர் என்று வரிசைப்படுத்தினார். இரணியவர்மன் அவைக்குக் காஞ்சியார் வந்து நின்ற காட்சியையும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் முடிபுனைந்த காட்சியையும் இன்று நாம் இனங்காண முடிவது பெரிதும் அவர் உழைப்பால். 1940 மார்ச்சுத் திங்களில், முப்பத்தைந்து வயது நிரம்புமுன்னரே, அவர் மறைந்தார். அச்சிற்பங்களைப் பற்றிய அவரது நூலைத் தொல்லியல் துறை மறு ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டது.