அடிமரத்தில் ஒன்று, நடுமரத்தில் ஒன்று

மழை விட்ட மார்கழியில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது, மரங்களில் சிறு பலகை அறைந்ததுபோல் நிற்கும் காளான்களைத் தேடிப் பாருங்கள். புதிதாகக் கற்கிறவர் கண் முதலில் மேற்புற நிறத்துக்குத்தான் போகும். நிறமோ வயதுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும். அடிப்புறம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. கானோடெர்மா, பெல்லினஸ் என்ற இரு பேரினங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இரண்டின் அடியிலும் செவுள் கிடையாது. ஊசியால் குத்தியதுபோல் நுண்துளைகள்தான். வளரும் கானோடெர்மாவில் அந்தத் துளைப்பரப்பு வெண்மையாக இருக்கும். நகத்தால் கீறினால் கோடு உடனே பழுப்பாகும். பெல்லினஸின் அடிப்புறம் தொடக்கத்திலிருந்தே துருப்பழுப்பு. கீறலுக்கு அந்த வெள்ளை–பழுப்பு மாற்றம் இல்லை. பிறகு மேலே பாருங்கள். கானோடெர்மாவில் பல இனங்களுக்கு வார்னிஷ் பூசியதுபோன்ற செம்பழுப்பு மினுக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை என்பதால்தான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். முதிர்ந்த பெல்லினஸ் கறுத்து, வெடித்து, கட்டைபோல் இறுகிக் கிடக்கும். பல ஆண்டு வாழ்வது; அறுத்தால் துளையடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்.

கானோடெர்மாவுக்கு இன்னோர் அடையாளம், அது உதிர்க்கும் காப்பிப்பொடி நிற வித்துத்தூள். காற்றில் எழும்பிக் காளானின் தலைமேலேயே படிந்துவிடும். மினுக்கத்தைக் காணோமே என்று தயங்கும்போது விரலால் துடைத்துப் பாருங்கள்.

மரத்தில் நிற்கும் இடமும் பேசும். கானோடெர்மா பெரும்பாலும் வேரையும் அடிமரத்தையும் பற்றும். பெல்லினஸ் இனங்கள் பலவும் ஒடிந்த கிளை, காயம் வழியே நுழைந்து நடுமரத்தின் வைரத்தை அரிக்கும். ஆனால் பெல்லினஸ் நாக்சியஸ் வேரைத் தாக்குவது; ஆகவே இடத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக்கூடாது.

மலையில் கற்ற இந்தக் கண் சமவெளித் தோப்பிலும் உதவும். தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு, அதாவது அடித்தண்டழுகலுக்கு, காரணம் கானோடெர்மாவே. 1952இல் தஞ்சை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். அங்கே காளானுக்காகக் காத்திருப்பது தவறு. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிவதுதான் முன்னறிவிப்பு. காளான் தலைகாட்டும்போது பெரும்பாலும் மரம் கைமீறிப் போயிருக்கும்.

பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதைக் குறையாக நினைக்க வேண்டாம். மினுங்கும் காளானையெல்லாம் ‘கானோடெர்மா லூசிடம்’ என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பெயரின் மூலம் 1781இல் வில்லியம் கர்ட்டிஸ் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்தது. வெப்பமண்டலத்தில் அப்பெயரால் குறிக்கப்பட்டவற்றில் பல வேறு இனங்கள் என்று பின்னர் தெரியவந்தது. மினுங்கும் ஒன்றை ‘ரெய்ஷி’ என்னும் மருந்துக் காளானென்று நம்பிக் காய்ச்சிக் குடிப்பது இன்னும் ஆபத்து. இனம் வரை போக நுண்நோக்கி வேண்டும்: கானோடெர்மா வித்துக்கு இரட்டைச் சுவர், பெல்லினஸில் பல இனங்களுக்குத் துளைகளுக்குள் கூரிய பழுப்பு முட்கள்.

பி. கே. பக்ஷி 1971இல் வெளியிட்ட இந்தியத் துளைக்காளான் நூல் மரங்களையும் சேர்த்தே பேசுகிறது. நீங்களும் எந்த மரம், உயிருள்ளதா பட்டதா, தரையிலிருந்து எத்தனை அடி, அடிப்புறம் என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காளானைப் பெயர்த்தெடுக்காமல், அடிப்புறத்தையும் ஒரு படம் எடுங்கள்.