புரூக்ஸின் கைத்தடி

மலாய்க் காட்டு மரமொன்றை வெட்டிச் சாய்த்துப் பட்டையைக் கீறினால் பால் வடியும். அது இறுகினால் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறினால் கட்டைபோல் கெட்டிப்படும். 1840களில் சிங்கப்பூர் வழியாக இங்கிலாந்துக்குப் போன இந்தச் சரக்கு, கடலடித் தந்திக் கம்பிக்கு உறையானது, கைத்தடியும் ஆனது. இன்றைக்கும் ரூட் கெனால் செய்யும் பல் மருத்துவர் வேரை அடைப்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

தங்கப் பிடி போட்ட அப்படியொரு தடி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தென் கரோலினாவின் பிரதிநிதியாக இருந்த பிரெஸ்டன் புரூக்ஸிடம் இருந்தது. 1840இல் நடந்த துப்பாக்கிச் சண்டையொன்றில் இடுப்பில் குண்டு பாய்ந்ததிலிருந்து அவர் தடி ஊன்றித்தான் நடப்பார்.

கேன்சஸில் அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறுகிறவர்களே தீர்மானிக்கட்டும் என்று 1854இல் சட்டம் வந்தது. தீர்மானிக்கவா செய்தார்கள்? இரு தரப்பும் ஆளையும் துப்பாக்கியையும் திரட்டிக்கொண்டு போய் இறங்கின. 1856 மே 19, 20 தேதிகளில் மாசசூசெட்ஸின் சார்லஸ் சம்னர் செனட்டில் இதைப் பற்றிப் பேசினார். அடிமைமுறையைத் தென் கரோலினா செனட்டர் பட்லரின் ஆசைநாயகி என்றே ஏளனம் செய்தார். பட்லர் அன்று அவையில் இல்லை. புரூக்ஸ் அவருக்குச் சொந்தக்காரர்.

சரிசமமானவனோடுதான் துப்பாக்கிச் சண்டைக்குப் போகலாம் என்பது தெற்கத்திக் கனவான்களின் கணக்கு. சம்னருக்கு அந்தத் தகுதியில்லை என்று முடிவுகட்டிய புரூக்ஸ் சாட்டையை யோசித்தார். ஆள் தன்னைவிடப் பலசாலி, பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? அதனால்தான் தடி. பின்னால் பிரதிநிதிகள் சபையிலேயே இதை விளக்கியும் சொன்னார். அடிமையை அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டும், அதுதான் விஷயம்.

மே 22 அன்று செனட் கலைந்த பிறகு, தபாலில் அனுப்பத் தன் உரையின் பிரதிகளை மேசையில் வைத்துத் தயார் செய்துகொண்டிருந்தார் சம்னர். அங்கிருந்த ஒரு பெண்மணி வெளியேறும்வரை புரூக்ஸ் காத்திருந்தார். மரியாதை தெரிந்தவர் அல்லவா. பிறகு தலையில் அடி விழுந்தது. தரையோடு திருகப்பட்டிருந்த மேசைக்கடியில் கால் மாட்டிக்கொள்ள, சம்னர் அதைப் பெயர்த்துக்கொண்டே எழுந்தார். தடி முறிந்தது. கையில் மிஞ்சிய துண்டாலும் அடி தொடர்ந்தது. தடுக்க வந்தவர்களைச் சக பிரதிநிதி லாரன்ஸ் கீட் தன் தடியை ஓங்கி மிரட்டினார்.

முறிந்த துண்டுகளுக்குத் தெற்கில் கிராக்கி. மோதிரமாக்கிச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டார்கள். புதுத் தடிகள் அன்பளிப்பாக வந்து குவிந்தன, 'இன்னொரு தடவை அடி' என்று பொறித்தது உட்பட. நீதிமன்றம் விதித்தது 300 டாலர் அபராதம். பிரதிநிதிகள் சபையில் பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக 121, எதிராக 95. மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. புரூக்ஸ் தானே ராஜினாமா செய்தார், தொகுதி மக்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். தங்கப் பிடியோடு கூடிய துண்டு சுற்றிச் சுற்றிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது சம்னரின் ஊரான பாஸ்டனில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு!

முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் தோட்டங்களில் அன்றாடம் வாங்கிய அடி வடக்கில் பலருக்கு அடுத்த வீட்டுச் சங்கதியாகவே இருந்தது. வெள்ளைக்கார செனட்டர் ஒருவரின் மண்டை உடைந்த பிறகுதான், இவர்கள் நம்மையும் அடிமையாக நடத்துவார்கள் என்று ரோஷம் வந்தது. அந்த ரோஷத்தைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓட்டுப் பெட்டியில் அது வேலை செய்தது. அதே ஆண்டு அடிமைமுறை பரவுவதை எதிர்த்து முதன்முறையாக ஜனாதிபதித் தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சி 11 மாநிலங்களை வென்றது. 1860இல் அக்கட்சியின் லிங்கன் ஜெயித்தார். உடனே ஒன்றியத்தைவிட்டு முதலில் வெளியேறியது தென் கரோலினா.

புரூக்ஸ் 1857 ஜனவரியிலேயே நோயில் இறந்துவிட்டார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப 1859 டிசம்பர் ஆனது. தடியோங்கிக் காவல் நின்ற கீட், 1864இல் உள்நாட்டுப் போரின் கோல்ட் ஹார்பர் களத்தில் தெற்கின் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிப் போய்க் குண்டடிபட்டு மாண்டார்.